ஒரு சொல்லுக்காக இரண்டு பஸ்

போன மாதம் ஒரு துண்டுப்பிரசுரத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஒரே ஒரு பக்கம். அதனால் இருபது வருட நட்பு ஒன்று முறிந்துபோனது. முறித்தது நானா, அகராதியா? இன்னும் எனக்குத் தெளிவில்லை.

கண்டியில் எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் குலசேகரம் மாஸ்டர். பிறந்தது யாழ்ப்பாணம், முப்பது வருடமாகக் கண்டியில் பொருளியல் டியூஷன். இன்னொருவர் மருதமுத்து. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவர். இப்போது டவுனில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார்.

இரண்டு பேரும் ஒரே கட்சி. கட்சி என்றால் தேர்தல் கட்சி அல்ல. லிபர்டேரியன் என்கிறார்களே, அந்த வகை. மனிதர்கள் தாமாக விரும்பி வாங்கட்டும், விற்கட்டும்; அரசாங்கம் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும் — இதுதான் கொள்கை. பெர்மிட், லைசென்ஸ், டெண்டர் என்ற சொற்களைக் கேட்டாலே இருவருக்கும் ஒரே மாதிரி முகம் சிவக்கும். கண்டி முழுக்கத் தேடியும் மூன்றாவது உறுப்பினர் கிடைக்கவில்லை. நான் உறுப்பினர் இல்லை. ஓய்வுபெற்ற அரசாங்க மொழிபெயர்ப்பாளன். டீ குடிக்கப் போகிறவன்.

மாஸ்டருக்கு ஓர் ஆசை வந்தது. தோட்டப் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு கூட்டம் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பிரசுரம் எழுதினார். தமிழாக்கம் நான், அச்சு மருதமுத்து. அதன் முதல் வரி தமிழில் இப்படி வந்தது: 'முதலாளித்துவமே ஏழையின் சுதந்திரம்.'

அன்று பின்னேரமே மருதமுத்து போன் எடுத்தார்.

"அண்ணே, இத நான் அடிக்க மாட்டேன்."

"ஏன், எழுத்துப் பிழையா?"

"சொல்லே பிழைண்ணே."

மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன். மெஷின் நின்றிருந்தது. மருதமுத்து கதிரையை விட்டு எழும்பவில்லை. மாஸ்டரைக் கண்டால் எழும்பாமல் இருக்கிற ஆள் இல்லை அவர்.

"சார், காட்ட வெட்டி தோட்டமாக்க வெள்ளைக்காரனுக்கு நிலம் குடுத்தது யாரு? அரசாங்கம். எங்க ஆளுங்க தோட்டத்த விட்டுப் போனா புடிச்சு உள்ள போடச் சட்டம் போட்டது யாரு? அரசாங்கம். கம்பனியும் கவர்மெண்டும் சேந்து செஞ்ச வேலைக்குத்தான் சார் எங்க ஊர்ல முதலாளித்துவம்னு பேரு. அதப் போயி ஏழையோட சுதந்திரம்னா, எங்க லயத்துல யாரு நம்புவா?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருது, நீர் சொல்லுறது முழுக்கச் சரி. ஆனா அது முதலாளித்துவம் இல்லை. அது சலுகை. களவு. கப்பிட்டலிசம் எண்டா வற்புறுத்தல் இல்லாத கொடுக்கல் வாங்கல்."

"அதுக்குச் சந்தைன்னு நல்ல பேரு இருக்குல்ல? அத வச்சுக்குவோம்."

"உலகம் பிழையாச் சொன்னா நாங்களும் பிழையாச் சொல்லுறதோ? நல்ல சொல்லை எதிரியிட்டை விட்டுட்டுப் போக ஏலாது."

"அந்தச் சொல்லு என்னைக்கு சார் நம்மகிட்ட இருந்துச்சு?"

நான் நடுவில் புகுந்து, 'மூலதனவியம்' என்று ஒரு சொல்லை முன்வைத்தேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், அந்தச் சொல்லை நானே வாபஸ் வாங்கினேன்.

கடைசியில் 'சுதந்திர வியாபாரம் — ஒரு கலந்துரையாடல்' என்று அச்சாகியது. சமாதானம் என்று நான் நினைத்தேன்.

கூட்டம், நாவலப்பிட்டிக்கு அப்பால் ஒரு சின்ன டவுனில். பெயர் வேண்டாம். ஒரு கலியாண மண்டபத்தின் சாப்பாட்டு அறை. முப்பது பேர் வரை வந்தார்கள். பாதிப் பேர் சுயதொழிலுக்குக் கடன் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். உண்மை தெரிந்ததும் சிலர் எழுந்து போனார்கள். மாஸ்டர் நன்றாகவே பேசினார். மருதமுத்து அதைவிட நன்றாகப் பேசினார். டீ கொடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு பெண் எழுந்தார்.

பெயர் புஷ்பம். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பதினொரு வருடமாக அந்த ஊர் பஸ் நிலையத்தில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் விற்றவர். இப்போது பஸ் நிலையத்தில் சாப்பாடு விற்கும் உரிமை முழுவதையும் பிரதேச சபையில் டெண்டர் போட்டு ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். புஷ்பம் கூடையோடு போனால் விரட்டுகிறார்கள். இரண்டு தரம் கூடையையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு, ஏ.எல். படிக்கிறாள்; இப்படியே போனால் நிறுத்த வேண்டியதுதான்.

"அந்தக் கடைக்காரரையும் முதலாளின்னுதான் கூப்புடுறாங்க. எங்கிட்ட ரொட்டி வாங்குற டிரைவருங்க என்னையும் முதலாளின்னுதான் கூப்புடுவாங்க. நீங்க எந்த முதலாளி பக்கம் சார்?"

இப்படியொரு கேள்வியை நான் எந்தப் பெரிய கூட்டத்திலும் கேட்டதில்லை.

மாஸ்டர் எழுந்தார். "அம்மா, உங்கட பக்கம்தான். உங்களுக்கு நடந்தது அரசாங்கத்தின்ர தலையீடு. உண்மையான முதலாளித்துவம் இருந்திருந்தா உங்களை ஒருத்தரும் எழுப்பேலாது."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்... அந்தச் சொல் வந்துவிட்டதே!

"இல்லம்மா," என்றார் மருதமுத்து. "நாங்க ஒங்க பக்கம்தான். ஆனா ஒங்களுக்கு நடந்ததுதான் உண்மையான முதலாளித்துவம். பெரிய ஆளும் ஆபீஸும் கைகோத்துக்கிட்டா இப்படித்தான்."

புஷ்பம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் அந்த டெண்டர் தப்புன்னுதானே சொல்றீங்க?"

"ஓம்" என்றார் மாஸ்டர். "ஆமாம்மா" என்றார் மருதமுத்து.

"அப்ப எதுக்கு சார் சண்ட?"

மாஸ்டர், மருதமுத்து பக்கம் திரும்பி, "நீர் இடதுசாரி மாதிரிக் கதைக்கிறீர்" என்றார். மருதமுத்துவின் முகம் கறுத்தது. "நீங்க புஸ்தகத்துல படிச்சத, நாங்க லயத்துல அனுபவிச்சோம் சார்" என்றார். சின்னக் குரலில்தான் சொன்னார். ஆனால் மாஸ்டர் மிச்சப் பிரசுரங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

மாஸ்டர் முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போனார். மருதமுத்து, அந்த பஸ்ஸில் இடம் இருந்தும், அடுத்த பஸ்ஸில் போனார். யாரோடு போவது என்று யோசித்து யோசித்து நான் இரண்டையும் தவறவிட்டேன். ஒன்றரை மணித்தியாலம் பஸ் நிலையத்தில் தனியாக நின்றேன். பசித்தது. டெண்டர் எடுத்தவரின் கடை மட்டும்தான் திறந்திருந்தது. சாப்பிடவில்லை. அது கொள்கையா, கோபமா? அதுவும் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம்.

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். கையில் புஷ்பத்துக்காக ஆங்கிலத்தில் எழுதிய மனு. "மருதுவுக்குச் சொல்ல வேண்டாம்" என்றார். அதற்கு அடுத்த நாள் மருதமுத்து போன் எடுத்தார். புஷ்பத்துக்காகச் சிங்களத்தில் ஒரு மனு எழுதியிருக்கிறாராம். பிழை பார்த்துத் தர வேண்டுமாம். "மாஸ்டருக்குச் சொல்லிடாதீங்கண்ணே."

இரண்டையும் வாசித்தேன். மொழிதான் வேறு, விஷயம் அச்சு அசல் ஒன்று. இரண்டிலும் அந்தச் சொல் மட்டும் இல்லை!

மருதமுத்து அச்சகத்தைப் பூட்டிவிட்டு மூன்று தரம் புஷ்பத்தோடு பிரதேச சபைக் கந்தோருக்குப் போனார். மாஸ்டர் டியூஷனைக் கான்சல் செய்துவிட்டு, தன்னிடம் முன்பு படித்த அதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்தார். யாருடைய மனு வேலை செய்ததோ, நாலடி இடமும் முத்திரை வைத்த ஓர் அனுமதிக் கடிதமும் புஷ்பத்துக்குக் கிடைத்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நண்பர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

போன வாரம் புஷ்பம் போன் எடுத்தார். "சார், ஒரு கடுதாசி எழுதணும்."

நன்றிக் கடிதம் என்று நினைத்தேன்.

"எனக்குப் பக்கத்துல ஒருத்தி இடியப்பம் கொண்டாந்து ஒக்காந்திருக்கா சார். அவகிட்ட கடுதாசி கிடுதாசி ஒண்ணும் இல்ல. அவள எழுப்பச் சொல்லி எழுதிக் குடுங்க."

நான் போனைக் காதில் வைத்தபடியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாஸ்டரைக் கேட்டேன். "எழுதாதையும். உதுதான் முதலாளித்துவத்தைக் கெடுக்கிறது."

மருதமுத்துவைக் கேட்டேன். "எழுதிடாதீங்கண்ணே. முதலாளித்துவம் இப்படித்தான் ஆரம்பிக்குது."

இதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. மாஸ்டருக்குத் திரும்பவும் போன் எடுத்து, மருதுவும் எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றேன். "அப்பிடியோ" என்றார். பிறகு, "அவர் சுகமாய் இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். கம்பளை வரை மூன்று பேரும் மூன்று இருக்கையில் இருந்தோம். அதன் பிறகு மருதமுத்து ஜன்னலோர இடத்தை மாஸ்டருக்குக் கொடுத்தார். மாஸ்டர், "மெஷின் ஓடுதோ?" என்றார். "ஓடுது சார்" என்றார் மருதமுத்து. அவ்வளவுதான். போதாதா?

பஸ் நிலையத்தில் புஷ்பத்திடம் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். நேற்று உங்களுக்கு நடந்ததை இன்று அவளுக்குச் செய்யலாமா என்று கேட்டார்கள். புஷ்பம் தலையைக் குனிந்தபடி ரொட்டியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் கடைசியில். "அவளுக்கும் ரெண்டு புள்ளைங்களாம்."

பிறகு தலையை நிமிர்த்தி, பக்கத்துக் கூடைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"ஆனா அவகிட்ட இடியப்பம் வாங்கிட்டு எங்கிட்ட யாரும் சம்பல் கேக்கக் கூடாது!"

இது முதலாளித்துவமா, இல்லையா? மாஸ்டரும் மருதமுத்துவும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்... நான் அவசர அவசரமாக மூன்று ரொட்டிக்குச் சொன்னேன்.