சக்கரத்தை இறக்கினால் ஃபேன் சுற்றும்

தையல் மிஷினில் ஒரு தோல் பைக்குக் கைப்பிடிக் காது தைத்துக்கொண்டிருந்தபோது செல்வி மைனியின் போன் வந்தது. "ஒங்க அண்ணாச்சி நெஞ்சு வலிக்குன்னாவ. ஏணியில தானாத்தான் எறங்குனாவ. ஆஸ்பத்திரியில அரைமணி நேரங்கூட இருக்கல." அந்தக் காதைத் தலைகீழாகத் தைத்திருக்கிறேன் என்று மறுநாள்தான் பார்த்தேன்.

மைனியின் வீட்டுக்காரர் தங்கராசு அண்ணாச்சியை நம் தாராவிச் சந்தில் தெரியாதவர்கள் இல்லை. பழைய பிளாஸ்டிக் வாங்கி விற்றவர். ஆனால் நாம் எல்லோரும் அவரைப் பைலட் என்றுதான் சொன்னோம். கடைக்கு மேலே பலகைத் தட்டில் ஒரு விமானத்தின் முன்பக்கத்தையே கட்டி வைத்திருந்தார். கழித்துப் போட்ட விமானங்களின் சாமான்களை குர்லா பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி வாங்கினார். ஓட்டுகிற பிடி, முள் வைத்த வட்டங்கள், விமானியின் நாற்காலி. எதிரே ஒரு பழைய டிவி. கம்ப்யூட்டரைப் போட்டால் டிவியில் வானம் வரும். பிடியைத் திருப்பினால் வானம் சாயும். நிஜ விமானத்தில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

நாற்காலிக்கு உறை தைத்தது நான். கறுப்புத் தோல் பாதியில் தீர்ந்துவிட்டது. மிச்சத்துக்கு லேடீஸ் பேக் சிவப்பு. மைனி பார்த்துவிட்டு, "பிளேனு கல்யாண வீட்டுக்கா போவுது?" என்று கேட்டாள். அண்ணாச்சி அசரவில்லை. பலகை அடித்ததில் ஃபேன் சுவிட்ச் உள்ளே மாட்டிக்கொண்டது. அதனால் விமானத்தின் சக்கரத்தை இறக்கும் கைப்பிடியிலேயே ஃபேனையும் இணைத்துவிட்டார். வெயில் காலத்தில் அந்த விமானம் சக்கரத்தைத் தூக்கியதே இல்லை.

போன வருஷம் என் மகளுக்கு மஸ்கட்டில் பேறுகாலம். மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பிவிட்டார். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். லிஃப்டில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வேன். வரமாட்டேன் என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஏறு மேல" என்றார்.

பத்து நாள் பழக்கினார். "அண்ணாச்சி, நான் பின்னாலதான உக்காரணும்?" என்று கேட்டேன்.

"பின்னால உக்காருததுக்கு என்னத்தப் படிக்கணும்? வேல இருக்க கைக்கு நடுக்கம் வராது தங்கச்சி. பிடியப் பிடி."

பதினாலு தடவை கடலில் விழுந்தேன். ஒவ்வொரு தடவையும், "ஆருக்கும் அடியில்ல. திரும்ப எடு" என்பார்.

நிஜ விமானம் கிளம்பியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முன்சீட்டுப் பையைப் பிடித்து இழுத்தேன். அந்தச் சீட்டில் இருந்தவர் திரும்பி, என்ன செய்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஓட்டுகிறேன் என்றேன். இறங்கும்போது கீழே டம்மென்று ஒரு சத்தம். ஃபேன் காற்று வரவில்லையே, சக்கரம் இறங்கவில்லையோ என்று புதிதாக ஒரு பயம் வந்தது.

நாலாம் நாள் பேரன் பிறந்தான்.

திரும்பி வந்த அன்று அண்ணாச்சி ஏணியடியில் காத்திருந்தார். "ஜன்னல் சீட்டா?" என்றார். ஆமாம் என்றேன். உண்மையில் நடுச்சீட்டு. "மேகம் எப்படி இருந்துச்சு?"

"உங்க டிவியில வாரது மாதிரியேதான் அண்ணாச்சி."

அன்று முழுக்க அவர் கடையில் எடை போடவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "எல்லாம் சரியா இருக்காம், தங்கச்சி பாத்துட்டு வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் உங்களுக்கும் டிக்கெட் அனுப்புகிறாளாம் என்றேன். "பின்னால உக்காந்துக்கிட்டா? வேண்டாம்மா" என்றுவிட்டார்.

போக வர இரண்டு தடவையும் நான் கண்ணைத் திறக்கவில்லை. அவரிடம் சொல்லாததை இன்று அவருக்காகக் கூடியிருக்கிற உங்களிடம் சொல்கிறேன். பேரனின் முதல் அழுகையை என் காதால் கேட்டேன். அண்ணாச்சி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான்.

அடுத்த மாதம் அவனுக்கு ஒரு வயது. மஸ்கட் போகிறேன், ஜன்னல் சீட்டு கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்து பார்ப்பேன். மேகம் வேறு மாதிரி இருந்தாலும், டிவியில் வந்தது மாதிரியேதான் இருந்தது என்று மைனியிடம் வந்து சொல்வேன்.