நாலு கதவுக்கும் போட்ட பூட்டு

போன சித்திரையில் ஒரு ஞாயித்துக்கிழமை, தூத்துக்குடி கடற்கரை ரோட்டில் நடந்தது இது.

திண்டுக்கல்லில் எனக்குப் பூட்டுப் பட்டறை. அஞ்சாப்புக்கு மேல படிக்கலை. அரம் பிடிச்சு ராவ ஆரம்பிச்சவன். இன்னைக்கு என் பூட்டு போகாத ஊர் இல்லை. அதைச் சாவியில்லாமத் திறந்தேன்னு சொன்னவன் ஒருத்தனும் கிடையாது. யாரையும் லேசில் நம்ப மாட்டேன். அதனாலதான் இம்புட்டுக்கு முன்னுக்கு வந்தேன்.

கடலைப் பார்க்கணும்னு வீட்டுக்காரம்மா ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்தா. பழைய அம்பாசிடரை எடுத்தேன். நான் வாங்கின முதல் கார், விக்க மனசு வரலை. ஹாரன் அடிக்காது. கண்ணாடி எதுவும் நாலு விரல்கடைக்கு மேல இறங்காது. கதவுப் பூட்டு என்னைக்கோ கெட்டுப்போச்சு. அதனால் என்ன, நாலு கதவிலும் வெளியே கொண்டி வச்சு நம்ம பூட்டையே மாட்டிட்டேன். பார்க்கிறவங்க சிரிப்பாங்க, திருடன் சிரிக்க மாட்டான்.

கடல் பார்த்துத் திரும்பும்போது வண்டி கொதிச்சிருச்சு. ஆறட்டும்னு ஒரு வேப்பமரத்து நிழலில் ஓரங்கட்டினேன். வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வலி. மாத்திரையைப் போட்டுட்டுப் பின்சீட்டில் படுத்துத் தூங்கிட்டா. அதுக்குள்ள பேரப்பிள்ளைகளுக்கு இந்த ஊர் முந்திரி மக்ரூன் வாங்கிரலாம்னு இறங்கினேன்.

பக்கத்தில் குடையை நட்டு ஒரு பொம்பளை கருவாடு வித்துக்கிட்டிருந்தா. அவ கண்ணு என் வீட்டுக்காரம்மா கழுத்துச் சங்கிலி மேலேயே இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

"அண்ணாச்சி, நெழலு இப்ப நகந்துரும். அக்காவ எழுப்பி எங்கூட உக்கார வச்சிட்டுப் போங்களேன்"னா.

இந்தக் கரிசனம் எதுக்குன்னு எனக்கா தெரியாது? "ஒன் சோலியப் பாரும்மா"ன்னுட்டு, தூங்கினவளை உள்ளே வச்சே நாலு கதவையும் பூட்டி, இழுத்து இழுத்துப் பார்த்துட்டுக் கிளம்பினேன். செல்போனை சீட்டிலேயே விட்டதைக் கவனிக்கலை.

கடையில் சரியான கூட்டம். எடை போட்டவன் மேலயும் சந்தேகம். மறுபடி போடச் சொல்லிச் சண்டை பிடிச்சுத்தான் வாங்கினேன். வர நேரமாயிருச்சு.

திரும்பி வந்தா, கார் முழு வெயிலில் நிக்குது. சுத்தி ஆளுங்க. அந்தக் கருவாட்டுக்காரி கண்ணாடி இடுக்கில் கையை விட்டு என் வீட்டுக்காரம்மா கழுத்தைத் தொட்டுக்கிட்டிருக்கா. "ஏய், கைய எடு"ன்னு கத்திக்கிட்டே ஓடினேன்.

கிட்டே போனப்பதான் தெரிஞ்சது, அவ கையில் ஈரத்துணி. கருவாட்டை மூடியிருந்த சாக்கை நனைச்சுக் கார் மேலே விரிச்சிருந்தா. பூட்டில் கல்லால அடிச்ச தடம். அது அசையவே இல்லை. ஒருத்தர் கண்ணாடியை உடைக்கக் கல்லை ஓங்கிக்கிட்டு நின்னார். உள்ளே இவ முகம் செவந்து, வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கிறா.

அவசரத்தில் என் பூட்டில் என் சாவி நுழையலை. அந்தம்மாதான் பிடுங்கித் திறந்தா. குடைக்கடியில் படுக்க வச்சு, விசிறி, வாயில் தண்ணி ஊத்தினா. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

நான் பக்கத்தில் போகப் போனேன். குறுக்கே கையை நீட்டிட்டா.

"நில்லுங்க. பொம்பளைய உள்ள வச்சா பூட்டிட்டுப் போவிய? யாரு நீங்க?"

"எஞ் சம்சாரம்மா."

"அத அக்கா சொல்லட்டும்."

ஒருத்தன் என் வண்டி நம்பரைப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தான். அந்தம்மா குனிஞ்சு, "பயப்படாமச் சொல்லுக்கா, இவரு ஒன் வீட்டுக்காரருதானா?"ன்னு கேட்டா.

இவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. இன்னொரு வாய் தண்ணி குடிச்சா. அப்புறம் மெதுவா, "ஆமா, என்ன செய்யுறது"ன்னா.

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. கருவாட்டுக்காரி மட்டும் சிரிக்கலை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வண்டி கிளம்புற வரைக்கும் என் மேல வச்ச கண்ணை அவ எடுக்கவே இல்லை.

நான் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கேன். பார்க்கப்படுறவனுக்கு அது எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. சந்தேகப்படுற குணம் இன்னும் போகலை. ஆனா யாரையாவது முறைக்க நிமிரும்போதெல்லாம் அந்தப் பொம்பளை முகம் முன்னால வந்து நிக்குது, என் கண்ணு தானாக் கீழே இறங்கிருது.