துவைக்கிற கல்லில் இருந்த எழுத்துகள்

மூன்று வருடங்களுக்கு முன் அரியூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். சைக்கிளில் ஊர் சுற்ற வந்த பிரான்ஸ் நாட்டுப் பெரியவர் ஒருவர், வில்லியனூர் அருகே கீழே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டுக்கு வந்தார். கூட யாருமில்லை. போனில் இருந்த மொழிபெயர்ப்பு ஆப் வழியாகத்தான் பேசிக்கொள்வோம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் அவர் சாப்பாட்டைத் தொடவே இல்லை. "நான் நடக்க முடியாமல் போனால் கோயிலை யார் பெருக்குவார்கள்?" என்று கேட்டு ஒரு படத்தைக் காட்டினார். அவர் ஊரில் உள்ள, கூரையே இல்லாத பழைய மாதா கோயில். தூண்களுக்கு நடுவே புல் முளைத்திருந்தது.

"பூசையே நடக்காத கோயிலுக்கா சார் இவ்ளோ கவலை?" என்று சிரித்துவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். எண்ணூறு வருடங்களுக்கு முன், தாங்களே உழுது சாப்பிட்ட துறவிகள் கட்டிய கோயிலாம் அது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அவர்களைத் துரத்திவிட்டுக் கோயிலை விற்றுவிட்டார்கள். பிறகு ஊர்க்காரர்கள் கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டுபோய் வீடும் மாட்டுக்கொட்டகையும் கட்டிக்கொண்டார்கள். தன் வீட்டு அடுப்படிச் சுவரிலும் பூ செதுக்கிய கல் ஒன்று இருப்பதை அறுபது வயதில்தான் கவனித்தாராம். மனைவி திட்டத் திட்டச் சுவரை இடித்து, அதைத் திருப்பிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து அங்கே பெருக்குகிறார்.

அதைக் கேட்டதும் எனக்கும் ஒரு கல் நினைவுக்கு வந்தது. பாகூர் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் பக்கவாட்டில் பழைய எழுத்துகள் உண்டு. ஏரிக்கரை சிவன் கோயில் கல் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோயிலில் அப்போது திருப்பணி நடந்துகொண்டிருந்தது.

கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இன்னா திடீர்னு? எங்க தாத்தா காலத்துக் கல்லு. இப்ப எடுத்துனு போனா, திருட்டுக் கல்லுன்னு ஊரே சிரிக்கும்" என்றார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை அவரே டிராக்டரோடு வந்து நின்றார். "ஏறு, குடுத்துட்டு வந்துடலாம்."

கோயில் வாசலில் ஒருவர், "இத்தினி வருஷம் தொவைச்சிட்டு இப்பதான் தோணுச்சா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஆமாண்ணே, இப்பதான் தோணுச்சு" என்றார் வீட்டுக்காரர், தலையைக் குனிந்தபடி.

ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்த பெரியவரிடம் கல்லின் படத்தைக் காட்டி, அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னைவிடச் சீக்கிரமாகவே கவனித்துவிட்டாய்" என்றார்.

கேலியாகச் சிரித்த என்னை அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை; ஒரு நோயாளியின் கவலை எனக்குச் சின்னதாகத் தெரியும்போதெல்லாம், அந்தப் பொறுமைதான் இன்றும் என் வாயை மூடிக் காதைத் திறக்க வைக்கிறது.