மதிய முறைத் தண்ணீர்

காளீஸ்வரன் மாமா எந்தத் தோட்டத்துக்குச் சோலார் போடப் போனாலும் இப்போது முதலில் கேட்பது கயிறு. நுனியில் பெரிய இரும்பு நட்டைக் கட்டி, போர்க்குழிக்குள் இறக்குவார். நனைந்த இடத்தில் முடிச்சுப் போடுவார். மோட்டாரை ஓடவிட்டு மறுபடி இறக்குவார். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்க மதியம் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.

"வெயிலைப் பிடிக்க வந்தவரு பாதாளத்துல என்னய்யா தேடுறீரு?" என்று நரிக்குடிப் பக்கம் ஒருவர் கேலி செய்தாராம். மாமா கயிற்றை இறக்கிக்கொண்டே இருந்தாராம்.

எங்கள் போரில் சோலார் போட்டபோது மட்டும் அவர் அப்படிக் கயிறு விட்டுப் பார்க்கவில்லை.

மாமா என் அம்மா தங்கமாரிக்கு அண்ணன். டிப்ளமோ முடித்து, அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் பதினெட்டு வருஷம் மின் பராமரிப்பு பார்த்தவர். மில் கூரையில் சோலார் போட்டபோது அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். பிறகு இரண்டு பொறியாளர்களோடு சேர்ந்து, பம்புசெட்டுகளை வெயிலுக்கு மாற்றும் வேலையில் இறங்கினார். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நன்றாக ஓடுகிற மோட்டாரைக் கழற்றி எறியவே மாட்டார். அதே மோட்டார், அதே பைப். கரண்ட் வருகிற வழி மட்டும் மாறும். ஊரில் எல்லோருக்கும் அவர் இஞ்சினியர்.

பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டமும் மாமா தோட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. போர், என் அப்பா சங்கையாவும் மாமாவும் சேர்ந்து போட்டது. மோட்டார் ஓடும் கரண்ட் காலையில் மூன்று மணி நேரமும் ராத்திரி மூன்று மணி நேரமும் வரும். காலைக் கரண்ட் மாமாவுக்கு, ராத்திரிக் கரண்ட் எங்களுக்கு. அப்பா இறந்த பிறகும் அந்த முறை மாறவில்லை. அம்மா டார்ச்சோடு தனியாகப் போய் மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருவாள். இரண்டு தடவை வாய்க்காலில் பாம்பு கிடந்தது. அப்பா நட்ட நானூறு செடிகள் அவை. எங்கள் சோறும் என் காலேஜும் அவற்றிலிருந்துதான் வந்தன.

அந்தப் பாம்புக்காகத்தான் மாமா எல்லாருக்கும் முன்னால் எங்கள் போருக்குச் சோலார் போட்டார்.

"எட்டுல இருந்து பன்னெண்டு எனக்கு. பன்னெண்டுல இருந்து நாலு உனக்கு. இனிமே நீ ராத்திரி தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது, ஆமா."

"பழைய லைனும் இருந்துட்டுப் போகட்டுமேண்ணே."

"எதுக்கு? வெயிலுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்?"

அம்மா சிரித்துவிட்டாள். பழைய இணைப்பைக் கழற்றி மின்வாரியத்திடம் ஒப்படைத்தார்கள்.

தையும் மாசியும் நன்றாகப் போயின. பங்குனியில், எங்கள் முறை தொடங்கி அரை மணி நேரத்துக்குள் மோட்டார் தானாக நிற்க ஆரம்பித்தது. மாமா அப்போது ராமநாதபுரம் பக்கம் வேலையாக இருந்தார். அவர் போனில் 'மோட்டார் நின்றது' என்று மட்டும் வரும்; ஏன் நின்றது என்று வராது. அம்மா கூப்பிட்டுச் சொன்னாள்.

"காலையில உன் மதினி பாய்ச்சும்போது நல்லாத்தான ஓடுது? அதே போரு, அதே மோட்டாரு. பேனல்ல தூசி ஏறியிருக்கும். தொடச்சியா?"

"தொடச்சேன்ணே."

"துணியால சும்மா தடவுனாப் போகாது. தண்ணி ஊத்திக் கழுவு. போர்த் தண்ணி வேணாம், உப்புக் கறை பிடிக்கும். நல்ல தண்ணியா ஊத்து."

நல்ல தண்ணீர் ஊர்க் குழாயில் இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் வரும். அதில் தினமும் நாலு குடம் அம்மா தோட்டத்துக்குச் சுமந்தாள். சனி, ஞாயிறுகளில் நானும் சுமந்தேன். பதினைந்து பேனல்களிலும் முகம் தெரியும். பன்னிரண்டரைக்கு மோட்டார் நின்றுவிடும்.

"போர்ல தண்ணி இல்லையோ என்னமோம்மா" என்றேன்.

"உங்க மாமா படிச்சவுகடீ. அவுகளுக்குத் தெரியாததா? எனக்குத்தான் தொடைக்கத் தெரியல."

மறுநாள் பழைய சேலையைக் கிழித்துப் புதுத்துணியாக மடித்துக்கொண்டு போனாள்.

சித்திரையில் செடிகள் மொட்டுகளை உதிர்த்தன. பிறகு இலையை உதிர்த்தன. பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப ஒரு பை கூடச் சேரவில்லை.

மாமா வந்தபோது பாதிச் செடிகள் விறகாகியிருந்தன. பேனல் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. வெகுநேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் முதன்முதலாகக் கயிறு கேட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு நூற்றிருபது அடியில் நனைந்த கயிறு, பன்னிரண்டு மணிக்கு மோட்டார் தொங்குகிற ஆழம் வரை காய்ந்தே வந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் மறுபடி விட்டார். பாதிக்கு மேல் ஊறியிருந்தது.

"கரண்ட் இல்லாத நேரத்துலதாம்மா ஊறியிருக்கு" என்றார் என்னிடம். "காலைக் கரண்டுக்கும் ராத்திரிக் கரண்டுக்கும் நடுவுல கெடந்த நேரம் இருக்குல்ல, அதுதான் உங்க தண்ணி. அத நான் எடுத்துப்புட்டேன். எனக்கு நல்லா ஓடுனது, உங்க பங்கும் சேந்து ஓடுனது."

அந்த வாரமே கூட வேலை செய்பவர்களை அழைத்துவந்து, பத்து மணிக்கு மோட்டார் நின்று, இரண்டு மணி வரை போர் ஊறி, அதன்பின் எங்களுக்கு ஓடும்படி மோட்டாரை இயக்கும் பெட்டியில் நேரத்தை மாற்றினார். தண்ணீர் வந்தது. பாய்ச்சச் செடி இல்லை. அம்மா மிச்சத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, விடிகாலையில் வரும் பஸ்ஸில் மில் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

அம்மாவிடம் மட்டும் மாமா உண்மையைச் சொல்லவில்லை. என்னாலும் முடியவில்லை. "இன்னுங் கொஞ்சம் அழுத்தித் தொடச்சிருக்கணும்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அத்தை கொடுத்தனுப்பிய கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"தங்கமாரி, அது தூசி இல்ல தாயி. நீ சுத்தமாத்தான் தொடச்சிருக்க. தப்பு என் மேலதான். போரு ஊற நேரம் விடாம ஓட்டிப்புட்டேன்."

அம்மா கோபப்படவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அப்ப அந்த நாலு குடத்தயும் செடிக்கே ஊத்தியிருக்கலாம்லண்ணே?" என்றாள். "பத்துச் செடியாவது பிழைச்சிருக்கும்ல?"

மாமாவுக்குக் கணக்கு தெரியும். பத்துச் செடி பிழைத்திருக்கும்.