காலியாக விட்ட திருகு

பேனல் போர்டு கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருபது வருஷமாயிற்று. எல்லாருக்கும் அவர் 'ரிலே'தான். புது ஆள் யாராவது ஒயரிங் படத்தில் என்.ஓ., என்.சி. என்று பார்த்துத் திருதிருவென்று விழித்தால் போதும், ஒரு ரிலேயை, கரண்ட்டால் தானே மாறும் அந்தச் சின்ன சுவிட்சை, கையில் எடுத்துவிடுவார்.

"இதுக்கு இப்ப கரண்ட் இல்ல, சும்மா கெடக்கு. இப்படிக் கெடக்கும்போது உள்ள இருக்கற ரெண்டு தகடும் விட்டு நின்னா என்.ஓ., தொட்டு நின்னா என்.சி. கரண்ட் குடுத்தா ரெண்டும் தலைகீழ். பொதுவா ஒரு கால் இருந்து, அது இங்கயும் அங்கயும் மாறினா சி.ஓ. ஓடுற மெஷினை மனசுல வச்சுப் படத்தைப் பாத்தீங்கன்னா குடி முழுகிடும்."

அவருடைய அப்பா இருந்த முதியோர் இல்லத்தின் வாசல் கதவுக்குக் காந்தப் பூட்டு மாட்டியவரும் அவரே. கரண்ட் இருக்கும்வரை காந்தம் கதவைப் பிடித்துக்கொள்ளும். ரிலேயின் பொதுக் காலைப் பூட்டுக்கும், என்.ஓ.வைக் கரண்ட்டுக்கும் இழுத்துவிட்டு, என்.சி. திருகைக் காலியாக விட்டிருந்தார். தீப்பிடித்தால் மெயினை அணைப்பார்கள். கதவு தானாக விட வேண்டும். உள்ளே பன்னிரண்டு உயிர்.

அந்தக் கதவு வழியாகத்தான் அப்பா ஒரே மாதத்தில் இரண்டு தடவை வெளியே போனார். நினைவு தப்பிய மனுஷர். கரண்ட் போன அடுத்த நிமிஷம் கதவு திறக்கும் என்பது மட்டும் எப்படியோ அவருக்குப் பிடிபட்டிருந்தது. இரண்டாம் தடவை நடுரோட்டில் நின்றவரை ஒரு லாரிக்காரர் பிரேக் அடித்துக் காப்பாற்றினார்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் அம்மா, பூட்டு மாட்டிய மகனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"இருக்கறது ரெண்டு ஆள் சார். கரண்ட் போனா மாடியில ஆக்சிஜன் பார்க்க ஓடிடறாங்க. அந்தக் காலித் திருகுல ஒரு பேட்டரியை மாட்டிட்டா கரண்ட் போனாலும் பூட்டு பிடிக்குமாமே? உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷம் எதற்கு, இரண்டு போதும். அவர் ரிலே பெட்டியின் மூடியைக் கழற்றினார். பேட்டரி காலடியில் இருந்தது, சிவப்பு ஒயர் கையில் இருந்தது. மாட்டினால் அப்பா பிழைப்பார். ஆனால் தீப்பிடித்த அன்றைக்குப் பன்னிரண்டு பேரும் இந்தக் கதவைத்தான் உள்ளிருந்து தட்டுவார்கள், அப்பாவும்கூட. மாட்டாவிட்டால் அடுத்த லாரிக்காரர் பிரேக் அடிப்பார் என்று யார் கண்டது? ஒயர் முனையைத் திருகுவரை கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ரிலே டக்கென்று மாறியது, பூட்டு கதவை விட்டது. மாடிப்படியில் ஆட்கள் ஓடும் சத்தம். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அப்பா வந்து நின்றார்.

"கொஞ்சம் வழி விடுங்க தம்பி. பையன் ஸ்கூல் விட்டு வந்திருப்பான். பயந்தாங்கொள்ளி. நான் போகலன்னா வாசல்லயே நின்னு அழுவான்."

"அப்பா, நான் வந்துட்டேன்பா."

அப்பா அவரை மரியாதையாக ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இல்ல தம்பி. அவன் ஆறாவது படிக்கிறான்."

அவர் கதவைச் சாத்தித் தோளால் அழுத்திக்கொண்டு நின்றார். கரண்ட் வந்ததும் காந்தம் கவ்விக்கொண்டது. அப்பா கதவை இழுத்துப் பார்த்தார், பிறகு திறந்து கிடந்த ரிலே பெட்டியைப் பார்த்தார்.

"நீங்க இந்த வேலை தெரிஞ்சவரா? கொஞ்சம் திறந்து விடுங்களேன். புள்ள காத்திருக்கும்."

அவர் சிவப்பு ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு மூடியை மாட்டினார். மேட்ரன் அம்மாவிடம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, அதைக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். நாளைக்குக் காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.