எங்கள் வீட்டில் நாய் இல்லை

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. மட்டாஞ்சேரியில் நாங்கள் இருக்கும் சந்தில் ஆளே ஒருக்களித்துத்தான் போகவேண்டும், இதில் நாய் வேறா! ஆனால் காரில் நாய்க்குப் போடும் சீட் விரிப்பைப் பற்றி என்னிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்லுவேன். நாள் கணக்காக செல்போனில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்காக.

அப்பாவுக்குப் புற்றுநோய். எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் தினமும் கதிர்வீச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் நிற்பதில்லை. தோப்பும்படிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்ற ஒரு காலையில், என் கணவரின் காரில், பின் சீட்டிலேயே போய்விட்டது. என் கணவர் தங்கமான மனுஷன், திரும்பி வந்து சந்து முனையில் வண்டியை நிறுத்தி அவரே சோப்புப் போட்டுத் தேய்த்தார். அதை அப்பா பார்த்துவிட்டார். வந்தது வினை.

"மருமகன் என் மூத்திரத்தைக் கழுவற அளவுக்கு ஆயாச்சு. இனி அந்த வண்டியில ஏறமாட்டேன்" என்றார்.

இடையில் விட்டால் இதுவரை கொடுத்ததும் வீண் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டயப்பர் என்று வாயெடுத்தாலே, "நான் என்ன தொட்டில்ல கிடக்கேனா?" என்று பாய்வார். கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் ஷீட்டை விரித்து உட்காரவைத்தோம். பிரேக் போட்டபோதெல்லாம் ஆளோடு சேர்ந்து வழுக்கியது. அப்போதுதான் நாய் விரிப்பு கண்ணில் பட்டது. தண்ணீர் இறங்காது, அடியில் வழுக்காத துணி, மேலே மெத்தென்ற தையல், சீட் பெல்ட்டுக்குத் தனித் திறப்பு. மனுஷனுக்கென்று இப்படி ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நாயாகப் பிறந்திருக்கலாம் போல என்று எரிச்சலாக வந்தது.

"சீட்டுக்கு கவர் போடறோம்பா. நனையாது, யாரும் கழுவ வேண்டாம்" என்றேன். நாய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. முனகிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், நாய்ப் படம் போட்ட கடை போர்டு அவர் கண்ணில் படாதபடி காரைத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். என் கணவரும் அவரும் காரிலேயே இருந்தார்கள்.

கடைக்காரர் நல்ல மனுஷர், அதுதான் தொந்தரவு. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே தூளி மாதிரித் தொங்கும் வகையை எடுத்து விரித்தார்.

"சேச்சி, இதாணு நல்லது. பட்டி கீழே விழாது." பட்டி என்றால் மலையாளத்தில் நாய்.

சீட்டை மட்டும் மூடினால் போதும் என்றேன்.

"அப்போ கால் வைக்கிற இடம் திறந்து கிடக்குமே?"

கால் வைக்கத்தானே ஐயா வேண்டும்! வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். "வயசான நாய். மூத்திரம் நிக்கல" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

அவர் முகம் இளகிவிட்டது. தானே மாட்டித் தருவதாக விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் சேட்டா, நானே மாட்டிக்கொள்கிறேன் என்றால் கேட்கிறாரா? கார்வரைக்கும் பேச்சு நிற்கவில்லை.

"பாவம் சேச்சி, வயசாயிப்போச்சில்லே, அதுக்கு என்ன அறியும்? ஏசக்கூடாது, மனசு நோகும். சூடுவெள்ளத்துல துணி நனச்சு மெல்லத் துடைக்கணும். பக்கத்துல இருந்து தலையத் தடவிக் கொடுக்கணும்."

கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

சேட்டன் பின்கதவைத் திறந்து நாயைத் தேடினார். அப்பாவைப் பார்த்தார். காத்திருந்த நேரத்தில் நனைந்துபோயிருந்த வேட்டியைப் பார்த்தார். கை தானாக மூக்குக்குப் போய்விட்டது. அப்பா இறங்கி நடைபாதையில் நின்றார். சேட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவசர அவசரமாக மாட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

அன்றைக்கு அப்பா அதன்மேல் உட்கார்ந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாட்டின பிறகு சீட்டில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. மடச்சி நான், ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சட்டையை நீட்டினேன். வாங்கவில்லை.

"நாய்னு சொன்னதுக்காப்பா? எனக்கு வேற வழி தெரியலப்பா" என்று அழுதேவிட்டேன்.

"அதுல எனக்கு ஒண்ணுமில்ல மோளே. நாய்னு நெனச்ச வரைக்கும் அந்த ஆள் எவ்வளவு பிரியமாப் பேசினான்! கேக்கவே சுகமா இருந்துச்சு." சட்டையை என் பக்கமே தள்ளிவிட்டார். "கார்ப்பரேஷன் வேலையில சாக்கடை வாரினப்ப ஊரே மூக்கைப் பொத்துச்சு. அது சாக்கடைக்கு. நேத்து அவன் பொத்துனது எனக்கு."

திட்டினேன், கெஞ்சினேன், காலில்கூட விழுந்து பார்த்தேன். அவர் மறுபடி காரில் ஏறவில்லை. அந்த வருஷத்து மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.