ஏழாம் சீட்டு அக்கா

அலுவலகத்தில் எல்லோரும் அவரை ‘ஏழாம் சீட்டு அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர்கூட, “ஏழாம் சீட்டுக்கு இன்னிக்கு லீவா?” என்று சீண்டுவார்.

அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது சீட்டுக்கு, அதாவது ஃபைல் பார்க்கும் மேஜைக்கு, எண்ணே கிடையாது. இரண்டு அறை, நான்கு பேர். கால் வலுவில்லாத குழந்தைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் காலிப்பர், அதாவது இரும்புப் பட்டை வைத்த காலணி, மனு போட்டு அளவு கொடுத்தால் ஒரே மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஒருமுறை யாரோ இரண்டு வாங்கிவிட்டார்கள். அதைத் தடுக்க ஒரு சீட்டு வந்தது. இன்னொருமுறை மருத்துவர் கையெழுத்து போலி என்று தெரிந்தது, அதற்கொரு சீட்டு. பிறகு இந்தச் சீட்டுகள் ஒழுங்காகப் பார்க்கின்றனவா என்று பார்க்க ஒரு சீட்டு. எல்லாவற்றுக்கும் நியாயம் இருந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. இருபது வருஷத்தில் கட்டடம் மூன்று மாடி, சீட்டு பதினொன்று. ஆறாம் சீட்டு கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அக்காவின் வேலை.

ஒருநாள் காலை தையல்காரம்மா ஒருத்தி, ஏழு வயது மகளை இடுப்பில் சுமந்துகொண்டு மூன்றாம் மாடி ஏறி வந்தாள். பையிலிருந்து புதுக் காலிப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“நேத்துதான் வந்துதுக்கா. பிள்ளைக்கு மாட்டவே முடியல.”

“எங்கிட்ட ஏம்மா வந்தே? கீழ முதல் சீட்டுல சொல்லணும்.”

“சொன்னேன். ரெண்டுக்குப் போகச் சொன்னாங்க. அப்படியே ஏறி ஏறி ஏழுக்கு வந்திருக்கேன்.”

சொல்லிக்கொண்டே கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக் குழந்தையின் காலில் பிடித்தாள். காலிப்பர் இரண்டு அங்குலம் குட்டை.

“அளவெடுத்து ரெண்டு வருஷம் கழிச்சு நான் சட்டை தைச்சுக் குடுத்தா யாராவது போட்டுக்குவாங்களாக்கா? பிள்ளை வளராம உக்காந்திருக்குமா?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தக் குழந்தையின் ஃபைலைத் தேடியெடுத்து, எந்தச் சீட்டில் எத்தனை நாள் கிடந்தது என்று தேதி பார்த்து எழுதினார். ஆக மொத்தம் இரண்டு வருஷம். பதினொரு பேரும் சேர்ந்து உண்மையில் பார்த்த வேலை முக்கால் மணி நேரம் தேறினால் அதிகம். தன் சீட்டில் கிடந்தது தொண்ணூற்று நான்கு நாள். அதையும் மறைக்காமல் எழுதி அதிகாரியிடம் கொண்டுபோனார்.

அவர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “எந்தச் சீட்டையும் லேசுல எடுக்க முடியாதும்மா. ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு உத்தரவு இருக்கு.”

“எல்லாத்தையும் எடுக்கச் சொல்லல சார். அளவெடுக்கிறதைக் கடைசிக்கு மாத்துங்க. மனு பாஸான பிறகு அளவெடுத்தா போதும். எடுத்தே ஆகணும்னா என் சீட்டை எடுங்க. அதால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல.”

வெளியே வந்த பிறகுதான் யோசித்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமோ என்று பயம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர்.

அதிகாரி நல்ல மனிதர், உடனே குறிப்பு எழுதினார். ஆனால் விதியை மாற்றச் சொல்லும் அந்த ஃபைலும் பதினொரு சீட்டையும் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது! அக்கா விடவில்லை. விடாக்கண்டனாக அதன் பின்னாலேயே போய், ஒரு சீட்டில் கெஞ்சி, ஒரு சீட்டில் சண்டை போட்டு, எட்டு மாதத்தில் கரையேற்றினார். அளவெடுப்பது கடைசிக்குப் போனது, ஏழாம் சீட்டு எடுபட்டது. அக்காவைத் தரைத்தளத்தில் அளவெடுக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

அங்கே முதல் ஆள் தையல்காரம்மாவின் மகள்தான். மனு ஏற்கெனவே பாஸாகியிருந்ததால் மூன்றே வாரத்தில் வந்த காலிப்பர் கச்சிதமாகப் பொருந்தியது. குழந்தை சுவரைப் பிடித்தபடி நாலடி வைத்தது. ஐந்தாவது அடிக்குச் சுவரை விட்டுவிட்டது.

“நீங்க நல்லா இருக்கணும்க்கா,” என்று தையல்காரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ மட்டும் மாடியேறி வரலேன்னா, கடைசி வரைக்கும் கையெழுத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருந்திருப்பேன். நான்தாம்மா உன்னைக் கும்பிடணும்.”

ஓய்வு பெறும்வரை ஐந்து வருஷம் அக்கா அந்த அறையில் இருந்தார். ஆபீசுக்குப் போகிறோம் என்றில்லாமல், வேலைக்குப் போகிறோம் என்று தோன்றியது அப்போதுதான் என்று வீட்டில் சொல்வார்.